இன்ஜின் நம்பர் என்ன?

பழைய மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் விற்கும் அந்தக் கடைக்குப் போன் செய்தால் ஹலோ வராது. "இன்ஜின் நம்பர்?" என்றுதான் குரல் வரும். பெயர், ஊர், சுகமா என்பதெல்லாம் பிறகு. பல நாள் பிறகும் கிடையாது. பதினோரு வருடம் அந்தக் குரலிடம் சாமான் வாங்கினேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி காலையில் போனை எடுத்ததும், "ஈஸ்டரோடு கடையை மூடுகிறேன். வேண்டியதை இப்போதே சொல்லிவிடு" என்றார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. ஆனாலும் அவர் பேசுவது என் காதில் எப்போதும் "நீ" என்றுதான் விழும்.

அந்தச் செய்தியைக் கேட்டபின் இரண்டு மாதத்தில் நான் செய்தவற்றில் பாதிக்கு மேல் தப்பு. பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இன்றைக்கோ நாளைக்கோ இதே போன் வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வண்டியைப் பற்றி முதலில். நான் இருப்பது இங்கிலாந்தின் கவென்ட்ரியில். கையில் இருப்பது பிஎஸ்ஏ ஏ10. ஐம்பதுகளில் வந்த 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி. பிஎஸ்ஏ என்றால் நம் ஊரில் சைக்கிள்தான். நான் பள்ளிக்கூடம் போனதும் பிஎஸ்ஏ எஸ்எல்ஆரில்தான். அந்த மூன்று எழுத்து 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்', 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி என்று தெரிந்ததே இந்த ஊருக்கு வந்த பிறகுதான். மூன்று துப்பாக்கியைச் சாய்த்து நிறுத்திய சின்னம் ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

என் வண்டி ஒரே வண்டியும் இல்லை. இன்ஜின் பின்னாளைய டிஏ10 வரிசை. பிரேம் அதற்கு முந்தைய சிஏ7 வரிசை. முன் சக்கரம் வேறெங்கிருந்தோ வந்தது. அறுபது வருடத்தில் யார் யாரோ எது கிடைத்ததோ அதை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். இதில் அசிங்கம் ஒன்றும் இல்லை, இந்த வயது வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். ஆனால் "1957 ஏ10-க்கு ஒரு கிளட்ச் ஸ்பிரிங் செட்" என்று கேட்டு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் அழவேண்டும். முந்தைய ஏ10-களில் கிளட்சுக்கு ஆறு ஸ்பிரிங், பிந்தியவற்றில் நான்கு. வருடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் கடைக்காரப் பெரியவர் இன்ஜின் நம்பரில் தொடங்குவார், அங்கிருந்து "கிளட்ச் மூடியைக் கழற்றினாயா? எத்தனை ஸ்பிரிங் எண்ணினாய்?" என்று போவார். எண்ணவில்லை என்றால், "எண்ணிவிட்டுக் கூப்பிடு" என்று போனை வைத்துவிடுவார்.

கடை பர்மிங்காமுக்கு மேற்கே, பிளாக் கன்ட்ரி பக்கம் ஒரு சின்ன ஊரில், வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு செங்கல் கொட்டகை. பெயர்ப்பலகை இல்லை. உள்ளே கூரை வரைக்கும் மர இழுப்பறைகள், பிஸ்கட் டின்கள், அழுக்கேறிய பழுப்புக் காகிதத்தில் சுற்றிய கியர்கள். கிரீஸும் ஈரச் செங்கல்லும் கலந்த வாசனை. அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. அட்டைகளில் பென்சிலால் எழுதிய பட்டியல் மட்டும்தான். அந்தப் பட்டியலையும் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. கேட்டதும் எழுந்து நேராக ஒரு இழுப்பறைக்குப் போவார்.

இவ்வளவும் எப்படி அவரிடம் சேர்ந்தது என்பதற்குள்தான் இவரைப் போன்ற கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் ஓய்வு பெறுவதற்கான காரணமும் இருக்கிறது. பிஎஸ்ஏ எழுபதுகளின் தொடக்கத்தில் நொடித்துப் போனது. 1973-இல் அது நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் என்ற புதுக் கம்பெனிக்குள் கரைந்தது. டிரையம்ப்பின் மெரிடன் தொழிற்சாலை, என் வீட்டிலிருந்து பக்கம்தான், தொழிலாளர் கூட்டுறவாகக் கொஞ்ச காலம் மூச்சு விட்டு 1983-இல் மூடியது. வெலோசெட் என்ற இன்னொரு வண்டிக் கம்பெனி அதற்கு முன்பே, 1971-இல் போய்விட்டது. ஊர் ஊராக இருந்த ஏஜென்டுகள் ஜப்பான் வண்டிக்கு மாறியபோது பிரிட்டிஷ் உதிரி பாகங்களை இடத்தை அடைக்கும் குப்பை என்று நினைத்தார்கள். அப்போது இருபது, இருபத்தைந்து வயதில் இருந்த சில பேர் அதை லாரி லாரியாக, கிட்டத்தட்ட இரும்பு விலைக்கு அள்ளினார்கள். பெரியவர் அதில் ஒருவர். அந்த இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இன்று எழுபத்தைந்து. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கொட்டகை நிற்கும் நிலம் உள்ளே இருக்கும் சாமானைவிட விலை போகும். பிரெக்சிட்டால் 2021-இலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு கேஸ்கட் அனுப்பக்கூட சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். அவர் சொன்ன கடைசிக் காரணம் இது: "படிவம் நிரப்பவா நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்?"

நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். என் அப்பா புல்லட் வைத்திருந்தார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் நின்று "புல்லட்டுக்கு கிளட்ச் பிளேட்" என்றால் முடிந்தது விஷயம். அந்தப் புல்லட் பிறந்தது இங்கே ரெட்டிச்சில். அந்தத் தொழிற்சாலை 1967-இல் மூடியது. ஆனால் 1955-லேயே மதராஸுக்குப் போன வண்டி அங்கே நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால், இன்று ரெட்டிச் புல்லட் வைத்திருக்கும் ஆங்கிலேயன்கூட பல சாமான்களுக்குத் திருவொற்றியூரைத்தான் நம்புகிறான். பிஎஸ்ஏவுக்கு ஒரு திருவொற்றியூர் அமையவில்லை. இந்தக் கொட்டகைகள்தான் அமைந்தன.

சரி, என் தப்புகளுக்கு வருகிறேன்.

மூடப்போகிறார் என்றதும் என்னைப் பீதி பிடித்துக்கொண்டது. நாலு சனிக்கிழமை போனேன். கண்ணுக்கு அழகாக இருந்ததை எல்லாம் வாங்கினேன். குரோம் மின்னும் ஹெட்லைட் கூடு, பெட்ரோல் டேங்க் பேட்ஜ் ஒரு ஜோடி, சைலன்சர், 'அமல்' பிராண்ட் கார்புரேட்டர் ஒன்று. அப்புறம், பழைய பிஎஸ்ஏ காகித உறையோடு இருந்த ரப்பர் சாமான்கள்: ஃபுட்ரெஸ்ட் ரப்பர், ஆயில் சீல், டியூப். உறையைப் பிரிக்காமல் இருந்ததால் புதுசு என்று நினைத்தேன். அறுபது வருட ரப்பர் உறைக்குள் இருந்தாலும் அறுபது வருட ரப்பர்தான். ஆயில் சீலின் உதடு தொட்டதும் பொடிந்தது. பெட்ரோல் குழாய்க்கும் இதே கதை, அதைவிட மோசம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய குழாயும் பழைய டேங்க் உள்பூச்சும் அதற்குத் தாங்காது. ரப்பர் எதுவானாலும் புதிதாகச் செய்ததை வாங்குவதே சரி.

கார்புரேட்டரும் வீண். அமல் இன்றைக்கும் புதிதாகச் செய்யப்படுகிறது. சால்ஸ்பரியில் இருக்கும் கம்பெனியிடம் ஒரு ஜெட்டிலிருந்து முழு கார்புரேட்டர் வரை கிடைக்கும். பிஸ்டன், செயின், கேபிள், கேஸ்கட் எல்லாம் அப்படித்தான். பல கடையில் கிடைப்பதை மூடப்போகும் கடையில் வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை. பேரிங்குக்கு பிஎஸ்ஏ நம்பரே தேவையில்லை. விளிம்பில் பொறித்திருக்கும் நம்பரை எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் போதும். கூடவே சி3 போன்ற குறி இருந்தால் அதையும் விடாமல் எழுத வேண்டும். அது உள்ளே எவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்லும் குறி. அதை விட்டால் அளவு சரியாக இருந்தும் பேரிங் இறுகும்.

எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவர், வயதான நார்ட்டன்காரர், பிஎஸ்ஏவும் ஒன்று வைத்திருப்பார் போல. அவர் வாங்கியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கியர் செலக்டர் ஃபோர்க் இரண்டு, ஏதோ ஒரு ஃபோர்க்கின் மேல் நட்டு, ஆயில் பம்ப் உடல், துரு லேசாகப் பிடித்த கியர்பாக்ஸ் ஷாஃப்ட். ஒன்றுகூட வெளியே தெரியாத சாமான். இன்றைக்குப் புரிகிறது, யாரும் திரும்பச் செய்யாதவற்றையே பொறுக்கியிருக்கிறார் மனிதர். விற்பனை குறைவாக இருக்கும் வார்ப்புகளுக்கு யாரும் புது அச்சு போடமாட்டார்கள். துருவைத் தேய்த்து எடுக்கலாம், இல்லாத ஷாஃப்டை என்ன செய்வது?

கல்லா மேசையில் ஒரு பெரிய டீத்தூள் டின் இருக்கும். அதைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்குள் விற்பனைக்கு இல்லாத சாமான்கள். இங்கே 'பேட்டர்ன்' என்று சொல்வார்கள், நம் ஊர்ப் பேச்சில் டூப்ளிகேட். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கெட்டது என்று அவருக்குப் பட்டவை டின்னுக்குள் போகும், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டி. வாடிக்கையாளர் "வேறிடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்றால், டின்னிலிருந்து ஒன்றை எடுப்பார், இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுப்பார், இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் டீ குடிப்பார். பார்ப்பவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த டின் எனக்கு வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஹெட்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்விகளும் கேட்கவில்லை. என் வண்டியில் எது எந்த வருடத்து சாமான் என்று அவருக்கு மனப்பாடம். அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதி வாங்கியிருக்கலாம். அவர் யாரிடம் லேத் வேலை கொடுக்கிறார், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னட்டோவுக்கு யார், வீலுக்கு ஸ்போக் கட்டுவது யார், எதையும் கேட்கவில்லை. கடை மூடி எட்டு மாதம் கழித்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். அவர் மனைவி எடுத்தார். "தோட்டத்தில் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் என்றால் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்" என்றார், மிக அன்பாக. அவர் பக்கம் நியாயம். ஐம்பது வருடம் பேசியாயிற்று.

அந்த எட்டு மாதத்தில் நடந்தது இரண்டு விஷயம்.

முதலாவது மேக்னட்டோ பாயிண்ட், அதாவது பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை. லூகாஸ் கே2எஃப் மேக்னட்டோவில் பாயிண்ட் திறக்கும் இடைவெளி 12 தவ், அதாவது ஆயிரத்தில் பன்னிரண்டு இஞ்ச். பழசு தேய்ந்துவிட்டது என்று ஒரு பெரிய ஆன்லைன் கடையில் புதுசு வாங்கிப் போட்டேன். பளபளப்பாக இருந்தது. முதல் வாரம் வண்டி குதிரை மாதிரி ஓடியது. மூன்றாம் வாரம் மேட்டில் இழுக்கவில்லை; சைலன்சர் குழாய் வழக்கத்தைவிடச் சூடு. கார்புரேட்டரைப் பிரித்தேன், பிளக்கை மாற்றினேன், டேங்கைக் கழுவினேன். பத்து நாள் போனது. கடைசியில் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் இடைவெளி 5 தவ்தான் இருக்கிறது. பாயிண்டின் குதிகால், கேம் வளையத்தில் உரசும் அந்தச் சின்ன ஃபைபர் துண்டு, வெண்ணெய் மாதிரி தேய்ந்திருக்கிறது. குதிகால் தேய்ந்தால் இடைவெளி குறையும்; பாயிண்ட் தாமதமாகத் திறக்கும்; பொறி தாமதமாக விழும்; வண்டி சோம்பி, சூடாகும். இப்போது எந்தப் பாயிண்டைப் போட்டாலும் 50 மைலில் ஒரு தடவை, 200 மைலில் ஒரு தடவை இடைவெளியை அளந்து எழுதுகிறேன். கழற்றிய பழசை எறிவதே இல்லை. தேய்ந்த ஒரிஜினல் ஒன்று கையில் இருந்தால்தான் புதுசின் லட்சணம் தெரியும்.

இரண்டாவதில் குற்றவாளி நான்தான். துருப்பிடிக்காத எஃகு நட்டு ஒரு பொட்டலம் வாங்கினேன். மேலே 5/16 என்று போட்டிருந்தது. வண்டியில் இருந்த ஸ்டட்டும், அதாவது தலையில்லாத போல்ட்டும், 5/16. நட்டு இரண்டு சுற்று சுகமாக ஏறியது, மூன்றாவதில் இறுகியது. "புது நட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று ஸ்பேனரைப் போட்டேன். மரை கழன்றது, ஸ்டட்டும் போனது. பிறகு உட்கார்ந்து படித்தேன். 5/16 இஞ்ச் என்பது விட்டம் மட்டும்தான். பிரிட்டிஷ் ஃபைன் என்றால் இஞ்சுக்கு 22 மரை, சைக்கிள் மரை என்றால் 26, பின்னாளில் வந்த யூஎன்எஃப் என்றால் 24. என் ஸ்டட் 26, பொட்டலம் 24. பெரியவர் கடையில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை, ஏனென்றால் தப்பான நட்டை அவர் கையால் கொடுக்கமாட்டார். ஆறு பவுண்டுக்கு ஒரு மரை கேஜ் விற்கிறது. அது இல்லாமல் இப்போது நான் எதையும் திருகுவதில்லை. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு முறை ஸ்பேனரில் பொறித்திருப்பது போல்ட்டின் விட்டம், நட்டின் அகலம் அல்ல என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான். நாலு வருடமாக "ஏன் இந்த ஊர் ஸ்பேனர் நம்பர் எல்லாம் பொய்யாக இருக்கிறது" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகுதான் கொஞ்சம் ஒழுங்காக வேலை பார்க்க ஆரம்பித்தேன். வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு முறை எதையாவது கழற்றும்போதும் மைக்ரோமீட்டர் அளவு, மரை, கண்ணில் படும் நம்பர் எல்லாம் அதில் ஏறும். பிஎஸ்ஏ பாக நம்பர்களில் ஒரு சூட்சுமம் இருப்பதைப் பழைய உதிரி பாகப் பட்டியலைப் புரட்டிய பிறகே பிடித்தேன். முதல் இரண்டு இலக்கம், அந்தச் சாமான் முதன்முதலில் எந்த வண்டிக்காக வரையப்பட்டது என்பதைக் காட்டும். 67 என்றால் ஏ7, ஏ10 இரட்டை சிலிண்டர். 65 என்றால் பி வரிசை ஒற்றை சிலிண்டர். 66 எம் வரிசை, 90 பேன்டம் என்ற சின்ன வண்டி. என் வண்டியிலேயே 65-இல் தொடங்கும் சாமான்கள் எத்தனையோ. "ஏ10 பார்ட்ஸ்" என்று தேடினால் அவை கிடைக்காது. நம்பரை மட்டும் கேட்டால், ஏ10 என்றால் என்னவென்றே தெரியாத ஒற்றை சிலிண்டர்காரர் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

கிளப்பில் சேர்ந்தேன். இவ்வளவு நாள் சேராததற்கு காரணம் பெரியவர் இருந்ததுதான். பிஎஸ்ஏ ஓனர்ஸ் கிளப்பின் உள்ளூர்க் கிளை ஒரு பப்பின் பின்னறையில் கூடுகிறது. பழுப்புத் தோலோடு நான் ஒருவன்தான், ஐம்பத்திரண்டு வயதில் நான்தான் இளைஞனும். முதல் கூட்டத்தில் "என்ன வண்டி" என்று கேட்டார்கள். இன்ஜின் நம்பரைச் சொன்னேன். மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு. "நீயும் அவருடைய ஆளா?" என்றார் ஒருவர். அந்த அறையில் பாதிப் பேர் அந்தக் கொட்டகையின் வாடிக்கையாளர்கள். அவரவரிடம் அவர் சொன்னது கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, ஒருவரிடமும் முழுசாக இல்லை.

டைமிங் பக்கத்து புஷ் விஷயம் அந்த மேசையில்தான் தீர்ந்தது. கிராங்க் ஷாஃப்டின் ஒரு முனை சுழலும் வளையம் அது; ஏ10-க்கு உயிர்நிலை. கிராங்குக்குப் போகும் எண்ணெய் முழுவதும் அந்த வெண்கல புஷ் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. புஷ் தேய்ந்தால் எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகிவிடும். கடைசியில் இருக்கும் பிக்எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துக்கு, எண்ணெய் போகாது. கனெக்டிங் ராடு ஒரு நாள் கிராங்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். புது புஷ் வாங்கி அடித்துவிட்டால் போதாது. இரண்டு பாதி கிராங்கேஸையும் சேர்த்து பூட்டி, எதிர்ப்பக்க பேரிங் இடத்திலிருந்து நேர்கோடு பிடித்து, துளையைச் சீவி அளவாக்கும் ரீமர் விட வேண்டும். அதற்கான ரீமரும் கையும் சேர்ந்த லேத்காரரைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். மேசையில் இருந்த ஒரு முன்னாள் பஸ் மெக்கானிக், பெரியவர் வழக்கமாக அனுப்பும் ஆளின் ஊரைச் சொன்னார். போனேன். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வேலை முடிந்ததும் இந்த முறை உட்கார்ந்து கேட்டேன்: எத்தனை தவ் இடைவெளி விட்டீர்கள், எதை வைத்து நேர்கோடு பிடித்தீர்கள், அடுத்து நான் யாரிடம் போவது. மூன்றாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசித்தார். தன்னிடம் வேலை பழகும் ஒரு பையன் இருப்பதாகவும், அவனுக்கு விட்வொர்த் என்றால் அலர்ஜி என்றும் சொன்னார்.

கொட்டகையின் சரக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மொத்தமாக ஒருவர் வாங்கிப் பிரித்து விற்றதாகக் கேள்வி. அட்டைப் பட்டியலை அவர் எடுத்துக்கொள்ளவில்லையாம். போன அக்டோபரில் ஸ்டாஃபோர்ட் கண்காட்சியின் ஆட்டோஜம்பிளில், நம் ஊர் வாரச்சந்தை மாதிரி தரையில் விரித்துப் போட்டு விற்கும் இடத்தில், மழைத் தார்ப்பாயின் ஓரமாக அந்த டீத்தூள் டின் இருந்தது. அதே பென்சில் எழுத்து. விலை ஐந்து பவுண்டு. விற்றவர் நல்ல மனிதர். "எல்லாம் கோளாறான சாமான், சீட்டிலேயே எழுதியிருக்கிறது. பார்த்துத்தான் வாங்குகிறீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டு மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். முப்பத்தேழு சீட்டு. ஆயில் பம்ப் கியர் ஒன்று: "பல் உயரம் குறைவு." கிளட்ச் சென்டர்: "மென்மையான இரும்பு, பள்ளம் விழும்." அடியில் நான் வாங்கிய அதே ரக பாயிண்ட், அதே பளபளப்பு. சீட்டில் இரண்டு வரி: "குதிகால் மட்ட ரகம். 300 மைல் தாங்காது."

என் 5/16 நட்டை மரை போன ஸ்டட்டோடு சேர்த்து அந்த டின்னுக்குள் போட்டேன். சீட்டு கட்டி, பென்சிலால் எழுதினேன்: "24-ஐ 26-இல் ஏற்றியது. நட்டின் மேல் தப்பில்லை."